இரண்டாவது கையெழுத்து

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். போனில் பேசாதே, எழுது என்று சொல்லி அனுப்பினாய். வாயால் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்கிறவன் என்று என் மேல் உனக்கு அப்படி ஒரு நல்லெண்ணம். சரி, எழுதுகிறேன். ஃபைலில் போட்டுப் பூட்டி வைத்துக்கொள்.

வெளிநாட்டில் கம்பெனி தொடங்குவது என்றால் பலகை மாட்டினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பதிவு அலுவலகத்தில் பெயர் வாங்கவே மூன்று நாள் நின்றேன். நாம் எழுதிக் கொடுத்த முதல் இரண்டு பெயரையும் ஏற்கெனவே யாரோ வைத்திருக்கிறார்களாம். மூன்றாவதாக நம் தொழிற்சாலைப் பெயருக்குப் பின்னால் ‘இன்டர்நேஷனல்’ என்று ஒட்டிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நான். இதுதான் இப்போதைக்கு இன்டர்நேஷனல்.

துறைமுகத்துக்குப் பின்தெருவில் இடம் பிடித்தாயிற்று. கீழே கிடங்கு, மேலே ஆபீஸ், ஆபீசுக்குப் பின்னால் நான் படுக்க ஓர் அறை. நம் தொழிற்சாலையில் செய்த, பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்றைக் கிடங்கின் நடு உத்தரத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் சங்கிலியை இழுத்துப் பார்த்து, இவ்வளவு பாரம் இவ்வளவு லேசாக ஏறுகிறதே என்று ஆச்சரியப்படுகிறார்கள். கிடங்குக்காரர் ஒருவரை வைத்திருக்கிறேன். அவர் மனைவி பேக்கிங்கில் இருக்கிறாள். இருவரும் வாயைத் திறப்பதே இல்லை. எனக்கு நேர்மாறு என்று நீ சொல்வாய்.

இந்த நாட்டுச் சட்டப்படி உள்ளூர்க்காரர் ஒருவர் டைரக்டராக இருந்தே தீர வேண்டும். நான் வைத்திருக்கும் வக்கீல் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஆள் வருவதற்கு முன்பே வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. ‘சென்ட்’ என்று பெயர் வைத்துவிட்டேன். துறைமுகத்தில் இவரைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நமக்கு நல்லதுதானே.

ஒரே ஒரு தொல்லை. கம்பெனி பெயரில் வெளியே போகும் எந்தத் தாளிலும் இரண்டு டைரக்டர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ எழுதச் சொன்ன விதியைப் பார்த்து வக்கீல் சிரிக்கிறார். “கவர் மேல ஸ்டாம்பு ஒட்டவும் ரெண்டு பேர் வேணுமா?” என்று கேட்டார். எடுத்துவிடட்டுமா?

தம்பி

பிப்ரவரி 14

தம்பிக்கு,

விதி இருக்கும். வக்கீல் சிரித்து முடித்ததும் டைப் அடிக்கச் சொல்.

ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பிளாக்குகளைப் பாரம் தூக்கிச் சோதிக்காமலே ‘சோதித்தாயிற்று’ என்று கையெழுத்துப் போட்டாய். லாரி கிளம்பும் அவசரம். அதில் ஒன்றின் கொக்கி விரிந்தது. பாரம் விழுந்து, கீழே நின்ற ஓர் ஆளின் கால் முட்டிக்குக் கீழே போனது. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா முன்னால் நின்றவள் நான். நீ காய்ச்சல் என்று படுத்திருந்தாய். அன்றிலிருந்து நம் தொழிற்சாலையில் ஒற்றைக் கையெழுத்துக்கு மரியாதை கிடையாது. கடல் தாண்டிப் போய்விட்டதால் உனக்குப் புதுப் புத்தி முளைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன், பொய் எதற்கு. இங்கே ஆர்டர் இல்லை. அறுபது பேர் காலையில் வந்து மெஷினைத் துடைத்துவிட்டு மாலையில் போகிறார்கள். அந்த ஊர்க் கம்பெனி நின்றால்தான் இந்தக் கூரை நிற்கும்.

அந்தச் சென்ட் இதற்கு முன் என்ன வேலை செய்தார்? எழுந்து நிற்கிறார்கள் என்கிறாய். மரியாதைக்கா, பயத்துக்கா? விசாரித்து எழுது.

முதல் சரக்கு பதினெட்டுப் பெட்டி, கிளம்பிவிட்டது.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

இறக்குமதி உரிமம் கைக்கு வந்துவிட்டது. நான் நாலு மாதம் ஆகும் என்று நினைத்ததை சென்ட் நாலு நாளில் வாங்கி வந்தார். இது நல்ல செய்தி. முதலில் எழுதிவிட்டேன்.

நேற்று நம் சரக்கு வந்தது. லாரிக்காரர் பின்பக்கம் எடுக்கும்போது சென்ட்டின் கார்க் கண்ணாடியை லேசாக உரசிவிட்டார். சென்ட் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நானும் பிடித்துக்கொண்டேன். லாரிக்காரரை இறக்கி, அவர் முகத்தை லாரிக் கதவின் விளிம்பில் மூன்று தடவை மோதினார். பல் தெறித்து என் செருப்புப் பக்கத்தில் விழுந்தது. பிறகு கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு நன்றி சொன்னார். நான் ‘பரவாயில்லை’ என்றேன், அக்கா. பரவாயில்லை என்றேன்.

நீ கேட்டாயே, விசாரித்தேன். வக்கீல் பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னொன்று. நீ அனுப்பியது பதினெட்டுப் பெட்டி. கிடங்குக்காரர் இறக்கி எண்ணியது பத்தொன்பது. பத்தொன்பதாவதிலும் நம் பெயர், நம் முத்திரை. சுங்கத்துக்குக் கொடுக்கும் படிவத்தில் ‘பத்தொன்பது’ என்று டைப் அடித்து, சென்ட் தன் கையெழுத்தைப் போட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்ய?

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

லாரிக்காரர் விஷயத்தில் நீ செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உரிமம் கைக்கு வந்த வாரத்தில் அவரோடு மல்லுக்கு நிற்காதே. அடித்தது அவர் கை. நம் கை இல்லை. பார்த்தும் பாராதது போல் இரு.

பெட்டி விஷயம் வேறு. நானே நின்று ஆணி அடித்து அனுப்பியது பதினெட்டு. ஃபோர்மேனும் எண்ணியிருக்கிறார். பத்தொன்பதாவது பெட்டி நம்முடையது இல்லை. என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிக்கு நம் பெயரில் ஒரு கோடு கூடப் போகக் கூடாது. கையெழுத்துப் போடாதே. சண்டையும் போடாதே. ‘அக்கா விட மாட்டேன்கிறாள்’ என்று என் தலையில் கட்டு.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

இது கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாளை இடது முழங்கையால் அமுக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

பழுது என்று சிவப்புச் சீட்டுக் கட்டி ஒரு பிளாக்கைத் திருப்பி அனுப்புகிறேன். ஃபோர்மேன் எப்படியும் பல்சக்கர மூடியைக் கழற்றுவார்; இது அதற்குள் இருக்கும். பதிலையும் அப்படியே ஒரு பிளாக்குக்குள் வைத்து அனுப்பு. இங்கே பேக்கிங்கில் இருக்கும் பெண் எடுத்துக் கொடுப்பாள். போன் என்னிடம் இல்லை. பாஸ்போர்ட்டும் இல்லை. தெருவுக்குப் போனால் கூடவே இரண்டு பேர் வருகிறார்கள்.

கிடங்குக்காரர் அந்தப் பெட்டியைத் தராசில் வைத்திருக்கிறார். எடை நம் எடையாக இல்லை. பலகையைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நாம் பிளாக்குகளைச் சுற்றும் அதே எண்ணெய்த் தாள். பிரித்தால் துப்பாக்கிகள். நம் பெயரில், நம் உரிமத்தில். இனி மாதா மாதம் இப்படி வருமாம். என் கையெழுத்து ஒன்றுதான் குறை.

பலகையைப் பெயர்த்தது தெரிந்து, மறுநாள் மதியம் சென்ட் வந்தான். இனிமேல் அவனுக்கு ‘ர்’ கிடையாது. கிடங்குக்காரரின் மணிக்கட்டுகளைக் கயிற்றால் கட்டி, நடு உத்தரத்தில் தொங்கும் நம் பிளாக்கின் கொக்கியில் மாட்டினார்கள். சங்கிலியை அவனே இழுத்தான். நம் பிளாக் நன்றாக வேலை செய்கிறது, அக்கா. ஒரு கையால் இழுத்தால் ஓர் ஆள் சத்தமே இல்லாமல் மேலே போகிறார். இரும்புக் குழாயால் காலிலிருந்து ஆரம்பித்தார்கள். முட்டி உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கவைத்தார்கள். அவர் மனைவியைப் பேக்கிங் மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். நாலு மணிக்கு முன்னால் அவர் செத்துப்போனார்.

‘கால் தவறி விழுந்து இறந்தார்’ என்று டைப் அடித்து வந்தது. அதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். மாட்டேன் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். என் இடது கையை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் வைத்துத் திருகினான். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். கத்தினேன், கீழே நனைந்துவிட்டது, அம்மாவைக் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். வலது கையை அவன் தொடவில்லை. பேனா பிடிக்க வேண்டுமே.

இந்தச் சிவப்புச் சீட்டுத் தாளில் மட்டும் நான் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன். அவனும் பக்கத்தில் போட்டிருக்கிறான் பார்.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

ஃபோர்மேன் மூடியைக் கழற்றி, தாளை எடுத்து, முதல் வரியைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். பிறகு ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல் மறுபடி ஓட்டச் சொன்னேன்.

பார்த்தும் பாராதது போல் இரு என்று எழுதியவள் நான். அந்த மனிதர் சாவில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். இப்போது நீ.

அரசு அலுவலகத்துக்குப் போனேன். “அவரை நேரா தூதரகத்துக்கு வரச் சொல்லுங்கம்மா” என்கிறார் அதிகாரி. அவனால் வர முடிந்தால் நான் ஏன் உங்களைத் தேடி வருகிறேன் என்று மேசையைத் தட்டினேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். பங்கு பெரும்பாலும் என் கையில். டைரக்டரை நீக்க எனக்கு அதிகாரம் உண்டு. உன்னை நீக்கிவிட்டேன். அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்துக்குத் தாள் போய்விட்டது. இனி உன் கையெழுத்து செல்லாது. இரண்டாவது ஆள் இல்லாமல் கம்பெனி முடங்கிக் கிடக்கட்டும். உன்னிடமிருந்து எதுவும் கிடைக்காது என்றால் எதற்கு உன்னை அடிக்க வேண்டும்? கதவைத் திறந்து விரட்டிவிடுவான்.

நீக்கிவிட்டாளே என்று கோபப்படு. கோபப்பட நீ ஊர் வந்து சேர்ந்தால் போதும்.

அக்கா

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் உன் புத்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

என்ன ஆனாலும் என்னை டைரக்டர் பதவியிலிருந்து எடுத்துவிடாதே. நான் உயிரோடு இருப்பதற்கு இந்த நாட்டில் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. அது என் கையெழுத்து. என்றைக்கு அது செல்லாது என்று அவனுக்குத் தெரிகிறதோ, அன்றைக்கு நான் வெறும் சாட்சி. கிடங்குக்காரர் போன வழியில் நானும் மேலே போவேன்.

நேற்றும் வந்தான். கட்டுப் போட்ட விரல்களின் மேல் ஷூவை வைத்து நின்றுகொண்டு, நம் பிளாக்குகளைப் பற்றிப் புகழ்ந்து பேசினான். பத்து நிமிடம் இருக்கும். ஒரு காது கேட்கவில்லை. ஆனால் இன்னும் போடவில்லை, அக்கா. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பது தெரியும். அதனால் போட மாட்டேன். பன்னிரண்டு பிளாக்குக்குப் பார்க்காமல் போட்டவன் இதைச் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி. நான் மாறிவிட்டேன் என்று நீ நம்பினால் எனக்கு அது போதும்.

அடுத்த சரக்கு மாதக் கடைசியில் வருகிறது. அதுவரை என்னைக் கொல்ல மாட்டான். பயமாக இருக்கிறது. ஊருக்கு வர வேண்டும்.

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நான் எழுதியதும் நீ எழுதியதும் நடுவழியில் தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதைப் படித்ததும் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஓர் அம்மாள் எடுத்தாள். பெயர் நீக்கம் ஏறிவிட்டது, உள்ளூர் டைரக்டருக்கும் தகவல் போய்விட்டது என்றாள். என் கையாலேயே உன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டேன்.

உட்கார்ந்து அழ நேரமில்லை. உன் இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேன். இரண்டாவது கையெழுத்து இப்போது என்னுடையது. அவனுக்கு ஃபாக்ஸ் அனுப்பியாயிற்று: நேரில் வந்து போடுகிறேன், உன்னை உயிரோடு டாக்சியில் ஏற்றி, நீ தூதரக வாசலிலிருந்து எனக்குப் போன் செய்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன், அதற்கு முன் உன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் அவனுக்குக் கையெழுத்து கிடையாது. நான் யார் சொன்னாலும் கேட்காதவள் என்று அவனுக்கு நீ எடுத்துச் சொல். அதைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

இருபத்தொன்பதாம் தேதி வருகிறேன். அதுவரை செத்துவிடாதே. சொல்லிவிட்டேன்.

அக்கா

ஜூன் 4

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கிச் சிறைச்சாலை முகவரியை எழுதியபோது தபால் ஆபீஸ்காரர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

உன் ஃபாக்ஸ் வந்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் நீக்கிய தாள் வந்த அன்றே என் மணிக்கட்டில் கயிறு கட்டினார்கள். அரை மணி நேரம் தொங்கினேன். இடது தோள் மூட்டு கழன்றுவிட்டது. குழாயைக் கையில் எடுத்திருந்தான். அப்போதுதான் மேலே ஆபீசிலிருந்து ஆள் தாளோடு இறங்கி வந்தான். படித்தான். சிரித்தான். இறக்கச் சொன்னான். உன் கடைசிக் கடிதம் என் கைக்கு வரவில்லை; பேக்கிங் பெண் பிளாக்கைத் திறக்கும்போதே பிடித்து அவனே எடுத்துவிட்டான். அவள்தான் இத்தனை நாளும் எடுத்துக் கொடுத்தாள் என்பது அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது.

இருபத்தொன்பதாம் தேதி நீ உள்ளே வந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். “வண்டியில ஏறு” என்றாய். நானும் ஏறிவிட்டேன். உன்னை அங்கே விட்டுவிட்டு ஏறிவிட்டேன், அக்கா. ஆஸ்பத்திரியில் நீ நின்றபோது நான் படுத்திருந்த மாதிரி. தூதரக வாசலில் இறங்கி உனக்குப் போன் செய்தேன். “சரி, வை” என்றாய். உள்ளே எல்லாவற்றையும் சொல்லி, அழுது, போலீஸ் கிளம்பிப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் போனபோது அவன் தரையில் கிடந்தானாம். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாயாம்.

என்ன நடந்தது? எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நீ சொல்.

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

இங்கே எட்டுப் பேருக்கு ஓர் அறை. கடிதங்களைப் படித்துப் பார்க்க நம் மொழி தெரிந்தவர் கிடையாது. அதனால் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடத்தான் போனேன். சத்தியமாக. நீ போன் செய்ததும் பேனாவைத் திறந்தேன். தாள்களை என் முன் வைத்தான். முதல் தாளில் ‘கால் தவறி விழுந்து இறந்தார்’ என்று இருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். முழுவதும் படித்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு தாளாக, மெதுவாக. பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னேன். இப்படியே இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அவனுடைய இரண்டு ஆட்களும் உன் டாக்சிக்குப் பின்னாலேயே போயிருந்தார்கள், இன்னும் திரும்பவில்லை. அவன் பொறுமை போய்விட்டது. அறைந்தான். கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியது. அதை நான் தாங்கிக்கொண்டேன்.

பிறகு அந்தப் பேக்கிங் பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்து வந்தான். கையைக் கட்டிக் கொக்கியில் மாட்டினான். அவள் புருஷனைத் தூக்கிய அதே பிளாக். சங்கிலியை இழுத்தான். அவள் கத்தவே இல்லை. என்னைப் பார்த்தாள். அவள் கால் தரையை விட்டது. மேசை மேல் மாதிரிக்கு வைத்த, மூன்று டன் தாங்கும் கொக்கி கிடந்தது. அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தான். கிழவி என்று நினைத்திருப்பான். முப்பது வருடமாகப் பட்டறையில் இரும்பு தூக்கிய கை இது.

காதுக்கு மேலே அடித்தேன். விழுந்தான். அந்த ஓர் அடியிலேயே அவனால் எழுந்திருக்க முடியாது. எனக்கு அது தெரிந்தது. அதற்கு மேல் ஆறு தடவை அடித்தேன். எண்ணிக்கொண்டே அடித்தேன். நாலாவதில் அவன் காலின் உதறல் நின்றது. அப்புறமும் மூன்று.

பிறகு அந்தப் பெண்ணை இறக்கினேன். அவள் என் முகத்தைத் தன் மேல்துணியால் துடைத்தாள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

விரல்கள் எப்படி இருக்கின்றன? டாக்டர் என்ன சொல்கிறார்?

அக்கா

ஜூலை 13

அக்காவுக்கு,

மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் மடங்காது. விடு.

உன் வக்கீல் எனக்கு நீளமாக எழுதியிருக்கிறார். வாக்குமூலத்தில் ஓர் அடி என்று இருந்தால் அது உயிரைக் காப்பாற்ற அடித்தது. மாதம் திரும்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஏழு என்று இருந்தால் பதினைந்து வருடம். உனக்கு இப்போது ஐம்பத்தாறு. பேக்கிங் பெண் ஓர் அடிதான் பார்த்தேன் என்று சொல்லத் தயார். பிரேதத்தைப் பார்த்த டாக்டரும், மற்ற காயங்கள் படியில் விழுந்ததால் வந்தவை என்று எழுதித் தரத் தயாராம். அவன் செத்ததற்கு அந்தத் துறைமுகத்தில் ஒருவர் கூட அழவில்லை. நீ மட்டும்தான் ‘ஏழு’ என்று அடம்பிடிக்கிறாயாம்.

அக்கா, ஒன்று என்று எழுது. யாருக்கு நஷ்டம்? அன்று கொக்கி விரிந்து கால் போனவரைப் போல இங்கே யாரும் அடிபடப் போவதில்லை. அவன் ஒரு மனிதனே இல்லை. நான் தொங்கிக்கொண்டிருந்தபோது அவன் தன் பேத்தியோடு போனில் கொஞ்சிப் பேசினான். ஏழு இல்லை, எழுபது அடிக்கலாம்.

அறுபது பேரும் காலையில் வந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்ல? சோதனைச் சான்றிதழில் உன் இடம் காலியாகவே கிடக்கிறது. ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போகிறார்.

எனக்கு நீ வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னிடம் கெஞ்சுகிறேன். என்னை நீ என்ன திட்டினாயோ, அதையே செய் என்று சொல்கிறேன். பார்க்காமல் போட்டுவிடு. அந்தத் தாளைப் படிக்காதே. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டு வீட்டுக்கு வா.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை அறையில் இருக்கும் எல்லோருக்கும் காட்டினேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. தாளில் உன் கண்ணீர் பட்ட இடத்தைப் பார்த்து, தம்பியா என்று சைகையில் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

போன வாரம் வக்கீல் தாளைக் கொண்டுவந்தார். ‘ஓர் அடி’ என்று டைப் அடித்திருந்தது. கையில் வாங்கினேன். போட்டுவிடத்தான் நினைத்தேன். வெளியே வர எனக்கும் ஆசை இருக்கிறது. நான் கல் இல்லை. காலையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்காமல் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

கம்பெனியைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் நம் ஊருக்கு வர விரும்புகிறாள். வந்தால் பேக்கிங்கில் வை. அவளை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது.

வாக்குமூலத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு டைப் அடிக்கச் சொன்னேன். ஏழு என்று போட்டு, அதில் கையெழுத்துப் போட்டேன். தீர்ப்பும் இன்று காலையில் வந்துவிட்டது. பதினைந்து வருடம். வக்கீல் என்னைப் பைத்தியக்காரி என்று நினைக்கிறார். நீயும் நினைப்பாய். நேர்மைக்காகப் போட்டேன் என்று மட்டும் யாரிடமும் பெருமை பேசாதே. அது உண்மை இல்லை.

முதல் அடி அந்தப் பெண்ணுக்காக. மற்ற ஆறும் எனக்காக. அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது, தம்பி. இவ்வளவு வயதில் எதுவுமே எனக்கு அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. தாளில் ‘ஒன்று’ என்று பார்த்தபோது, அந்த ஆறும் எங்கே போயின என்று கேட்டுக்கொண்டேன். உள்ளேதான் இருக்கின்றன. விரலை எடுத்துவிட்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் என் கை மேசையில் கொக்கியைத் தேடியது. அவன் செத்து மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் தேடியது.

இந்தக் கையை வெளியே விட எனக்கு மனமில்லை. அதனால்தான் ஏழு என்று எழுதினேன்.

அக்கா